ஹாலில் புறப்பட்ட விமானம்

இந்த ஜன்மத்தில் விமானத்தில் ஏறுவதில்லை என்று நான் தீர்மானம் நிறைவேற்றினேன். ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தது நான் ஒருவன்தான். என் மனைவியை அழைக்கவில்லை. அழைத்தால் காரணம் கேட்பாள். காரணம் சொன்னால் மானம் கப்பலேறும். விமானத்துக்குப் பயந்து கப்பலில் ஏறுவானேன்?

உங்களிடம் சொல்கிறேன், நமக்குள்ளேயே இருக்கட்டும். எனக்கு உயரம் என்றால் பயம். முக்காலி மேல் ஏறினால் முழங்கால் தந்தியடிக்கும். எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது என் மனைவிதான். எனக்குத் தோள்வலி என்று அவளை நம்ப வைத்திருக்கிறேன். பல்பு ஃபியூஸ் ஆகிற நாட்களில் மட்டும் அந்த வலி வரும்.

நெருக்கடி மகள் ரூபத்தில் வந்தது. கல்யாணமாகி உலகத்தின் மறுகோடிக்குப் போனவள். தலைப்பிரசவம். "அம்மாவும் அப்பாவும் கண்டிப்பா வரணும்" என்று போனில் அழுதாள். பின்னாலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார். "மாமா, உங்களுக்கு ஜன்னல் சீட்டே போட்டுடறேன். கீழே மேகம் தெரியும்."

நல்ல பிள்ளை. மாமனாரைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, எனக்கும் ரொம்ப நாள் ஆசைதான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. என் வயிறு வேறு ஏதோ சொன்னது. அதை யாரும் கேட்கவில்லை.

நான் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், நடுவில் எங்கே டீக்கு நிற்கும், டிரைவர் எங்கே மாறுவார் எல்லாம் எனக்கு அத்துப்படி. தூரத்தையும் நேரத்தையும் சொல்லி ஆளை மலைக்க வைப்பது கைவந்த கலை. அந்தக் கலையை மனைவியிடம் காட்டுவது என்று முடிவு செய்தேன். "அவ்வளவு தூரம் நமக்கு ஆகாதுங்க" என்று அவளே சொல்ல வேண்டும். நான் ஒரு பெருமூச்சு விட்டு, "உனக்காக விட்டுக் கொடுக்கறேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

"தூரம் எவ்வளவுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். "பதினாலாயிரம் கிலோமீட்டர்."

"தெரியும்."

"பதினாலாயிரம்! எங்க டிப்போ வண்டில போனா ஒரு மாசம் ஆகும். போய்ச் சேர்றதுக்குள்ள நாலு டயர் மாத்தணும்."

"பஸ்ஸுலயா போறோம்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். விமானத்துலயே பதினேழு மணி நேரம். எங்கயும் நிக்காது. டீக்குக் கூட நிக்காது."

"அதெப்படி? விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினா அன்னிக்கு மத்தியானம் பன்னண்டு மணிக்கே போயிடும்னு மாப்பிள்ளை சொன்னாரே. எட்டு மணி நேரம்தானே?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். "அது அந்த ஊர் மணி. அங்க கடிகாரம் நம்மளைவிட ஒன்பது மணி நேரம் பின்னாடி ஓடுது."

"ஏன், பேட்டரி மாத்த மாட்டாங்களா?"

"பூமி உருண்டைம்மா. அந்தப் பக்கம் சூரியன் லேட்டாத்தான் வரும்."

அவள் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே கணக்குப் போட்டாள். "பதினேழு மணி நேரம் உக்காந்துட்டுப் போனா, கடிகாரத்துல எட்டு மணி நேரம்தான் போயிருக்கும். ஒன்பது மணி நேரம் நமக்கு மிச்சம். நல்லதுதானேங்க? நீங்க ஏன் அதைச் சோகமா சொல்றீங்க?"

இத்தனை வருஷமாக அட்டவணை போடுகிறேன். எந்த வண்டியிலும் எனக்கு ஒன்பது நிமிஷம்கூட மிச்சமானதில்லை.

சரி, தூரம் பலிக்கவில்லை. நேரத்தைப் பிடித்தேன். "பதினேழு மணி நேரம் உன்னால ஒரே இடத்துல உக்கார முடியுமா?"

இதுதான் பிரம்மாஸ்திரம். ஏனென்றால் என் மனைவி உட்கார்ந்து நான் பார்த்தது கல்யாண போட்டோவில்தான். அதிலும் பாதி எழுந்திருக்கிறாள். அவள் டீ குடிப்பது நடந்துகொண்டு. சாப்பிடுவது நின்றுகொண்டு. டிவி தொடரில் கதாநாயகி அழும்போது கண்ணீரை இங்கே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அப்படிப்பட்டவளைக் காலை மடக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் தாங்குவாளா?

"ஒரு ஒத்திகை பாத்துடலாம்" என்றேன். "ஞாயித்துக்கிழமை, நம்ம ஹால்ல. விடிகாலை நாலு மணிக்கு நாற்காலில உக்காரு. ராத்திரி ஒன்பதுக்குத்தான் எழுந்திருக்கணும். பாத்ரூம் மட்டும் போயிட்டு வரலாம். நடுவுல எழுந்து ஏதாவது வேலையைப் பாத்தேன்னா பயணம் ரத்து. மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிடணும்."

"உக்காந்துட்டேன்னா?"

"பேச்சே கிடையாது. கிளம்பிட வேண்டியதுதான்."

"நீங்களும் உக்காருவீங்கதானே?"

"எனக்கெதுக்கு ஒத்திகை? டிப்போல பகல் பூரா உக்காந்துதானே இருக்கேன்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி. ஆனா விமானத்துல எப்படியோ அப்படியே இருக்கணும். எல்லாமே."

"எல்லாமே!" என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் தலைக்கு வரப்போவதை அப்போது யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுவரோரமாக மூன்று நாற்காலிகளை நெருக்கிப் போட்டேன். முன்னால் அடுக்களை டப்பா ஷெல்ஃபை இழுத்துவைத்தேன், முழங்கால் இடிக்க வேண்டும் என்று. விமானத்தில் இருப்பதைவிட நான்கு விரற்கடை குறைவாகவே இடம் விட்டேன். நல்ல மனசு எனக்கு.

விடிகாலை சரியாக நாலு மணிக்கு என் மனைவி படுக்கையறையிலிருந்து வந்தாள். வெளியே போகிற புடவை. தோளில் கைப்பை. பின்னால் சக்கரம் வைத்த பெட்டி உருண்டு வந்தது. அதற்கும் பின்னால் எதிர்வீட்டு நர்ஸக்கா. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியவர்.

"அக்கா எதுக்கு?" என்றேன்.

"பக்கத்து சீட்டுல யாராவது தெரியாதவங்க உக்காருவாங்கல்ல?"

"அக்காவை நமக்குத் தெரியுமே!"

"இன்னிக்கு மட்டும் தெரியாது."

"நான் யார்கூடவும் பேசற ஆள் இல்லை தம்பி" என்று நர்ஸக்கா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். அடுத்த நிமிஷம் ஆரம்பித்த பேச்சு தரையிறங்கும் வரை ஓயவில்லை.

என் பழைய பேன்ட் பெல்ட்டுகளை இருவர் இடுப்பிலும் கட்டினேன். விமானம் புறப்பட்டது. நான் சோபாவில் சாய்ந்து, ஒரு மணி நேரத்தில் வரப்போகும் வெற்றிக்காகக் கண்ணை மூடினேன்.

கிணுகிணு என்று மணி அடித்தது. நர்ஸக்கா கையில் ஒரு சின்ன வெண்கல மணி.

"வார்டுல பேஷண்ட் கூப்பிடறதுக்கு வெச்சிருந்தது தம்பி. சும்மாத்தானே கிடக்குதுன்னு எடுத்துட்டு வந்தேன்."

"என்னங்க, டீ கிடைக்குமா?" என்றாள் என் மனைவி.

"போய்ப் போட்டுக்கோயேன்" என்று அன்பாகச் சொன்னேன்.

"விமானத்துல பயணிங்களா போய் டீ போடுவாங்க?"

"பணிப்பெண் போடுவாங்க."

இருவரும் என்னையே பார்த்தார்கள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாருமில்லை. எல்லாமே என்று சத்தியம் செய்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதல் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது. இரண்டாவது டீயில் டீத்தூள் விழவில்லை. மூன்றாவதைக் குடித்துவிட்டு "பரவாயில்லை" என்றார்கள். அதற்குள் விடிந்துவிட்டது. கிணுகிணு.

"சாப்பிட என்ன இருக்கு?"

"சோறு."

"ரெண்டு வகை கேப்பாங்கன்னு பொண்ணு சொன்னாளே."

"சோறு இருக்கு. சோறு இல்லாமயும் இருக்கு. எது வேணும்?"

"இருக்கறதே குடுங்க. கூட முட்டை இருந்தா நல்லாயிருக்கும்."

இப்படியே போனால் நான்தான் எழுந்திருக்க முடியாமல் போவேன் என்று புரிந்தது. அவளை எழுப்பியே ஆக வேண்டும். அடுக்களைக்குள் போய்க் கத்தினேன். "ஐயோ, பால் பொங்குது!"

மற்ற நாளாக இருந்தால் அந்தக் குரலுக்கு அவள் மொட்டை மாடியிலிருந்தே குதித்து வருவாள். ஹாலிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "விமானத்துல பால் பொங்கினா விமானி பாத்துக்குவாரு."

அடுத்து, ஒரு அடுக்குத் தட்டைத் தரையில் போட்டேன். தெருநாய் குரைத்தது.

"காத்து கொஞ்சம் மோசமா இருக்குபோல" என்றார் நர்ஸக்கா. "பெல்ட்டை இறுக்கிக்கம்மா."

ஒரே ஒரு தடவை வெற்றி கிட்டத்தில் வந்தது. அவள் கண்ணெதிரே இருந்த ஷெல்ஃபில் டப்பாக்களைக் கலைத்தேன். உப்பு இருந்த இடத்தில் மிளகு. மிளகு இருந்த இடத்தில் சோப்புத்தூள். பெரிய டப்பா மேலே சின்ன டப்பாவைத் தலைகீழாக. அவள் விரல்கள் துடித்தன. மூச்சு வேகமாக வந்தது. இடுப்பு நாற்காலியை விட்டு ஒரு அங்குலம் எழும்பியது. நான் மனசுக்குள் மாப்பிள்ளையின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"கண்ணை மூடும்மா" என்றார் நர்ஸக்கா. "இதைவிட மோசமான வலியெல்லாம் பொம்பளைங்க தாங்கியிருக்காங்க. மூச்சை இழு. விடு. இழு. விடு."

இழுத்தாள். விட்டாள். புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் டப்பாக்களைத் திரும்ப அடுக்கினேன். அடுக்காவிட்டால் எனக்கே உப்பு கிடைக்காது.

அடுத்த முயற்சியாக நாற்காலியைப் பிடித்து ஆட்டு ஆட்டு என்று ஆட்டினேன். ஆகாயத்தில் வண்டி குலுங்குமாமே, அதற்காக.

"ஆகா" என்றாள். "தொட்டில் மாதிரி இருக்கு. நிறுத்தாதீங்க." தூங்கிப்போனாள்.

அப்படியே நின்றேன். என் மனைவி பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கும் அந்தச் சுருக்கம் காணாமல் போயிருந்தது. இவளுக்கு ஒரு நாள் உட்கார்வதற்கே நாடகம் போட வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. சத்தமில்லாமல் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். பிறகு போய்ப் பாத்திரம் தேய்த்தேன். யாரும் மணி அடிக்கவில்லை, நானாகத்தான் தேய்த்தேன்.

மத்தியானம் மாடி வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், நீங்க துடைப்பத்தோட?"

"விமானத்தைப் பெருக்கறேன்."

அவருக்கு விளக்கிச் சொன்னார்கள். அவர் கண்கள் விரிந்தன. "மூணாவது சீட்டு காலியா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு டீல சர்க்கரை கம்மியா, சார்."

சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு உயிர் வந்தது. "மழை! மாடில துணி காயுது!" என்று அலறினேன். துணி நனைவதை எந்தக் குடும்பத் தலைவியும் பொறுத்துக்கொள்ள மாட்டாள்.

என் மனைவி சோம்பல் முறித்தாள். "நாம மேகத்துக்கு மேல போயிட்டிருக்கோம். இங்க எப்படிங்க மழை வரும்?"

மேகத்துக்குக் கீழே இருந்த ஒரே ஆள் நான். ஓடினேன். மொட்டை மாடியில் நடுக்கொடியில் இருந்த துணிகளை வாரினேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு கொடி இருக்கிறது. அதில் என் சட்டை, அவள் புடவை, ஒரு போர்வை. அங்கே போனால் கீழே தெரு தெரியும். அவை நனையட்டும் என்று வந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு விமானம் தரையிறங்கியது. பயணிகள் மூவரும் கைதட்டினார்கள். என் மனைவி பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தாள். முகம் பூத்திருந்தது. பத்து வயது குறைந்திருந்தது. அந்தப் பத்தும் என் முகத்தில் ஏறியிருந்தது.

"சுகமான பயணம்" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது. ஜன்னல் சீட்டு. கீழே மேகம். அதற்கும் கீழே கடல். பஸ்ஸில் மாதிரி நடுவழியில் "ஹோல்டான், இறங்கிக்கறேன்" என்று கத்தவும் முடியாது. மானம் போனாலும் பரவாயில்லை, உயிர் முக்கியம் என்று உண்மையைச் சொல்லிவிடத் துணிந்தேன்.

"இங்க பாரு... உன்கிட்ட ஒரு விஷயம்..."

"நீங்க வரலை. அதுதானே?"

தரையிலிருந்து அவளை அண்ணாந்து பார்த்தேன்.

"உங்களுக்கு டிக்கெட்டே போடலைங்க" என்றாள். "போன வாரமே மாப்பிள்ளைகிட்ட பேசிட்டேன். எனக்கும் அக்காவுக்கும்தான் போட்டிருக்கு. பிரசவத்துக்கு ஒரு நர்ஸைக் கூட்டிட்டுப் போறதா, கைப்பிடிச் சுவர் ஓரத்துத் துணியை எடுக்க நடுங்கறவரைக் கூட்டிட்டுப் போறதா?"

"உனக்கு... எப்பவிலிருந்து தெரியும்?"

"கல்யாணமான முதல் வாரத்துலேர்ந்து. பாவம், நீங்களா சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"மாப்பிள்ளைகிட்ட என்ன சொன்னே?" என்றேன்.

"நீங்க இல்லைன்னா ஊர்ல ஒரு பஸ்ஸும் ஓடாது, லீவே குடுக்க மாட்டேங்கறாங்கன்னு சொன்னேன். மாமா அவ்வளவு பெரிய ஆளான்னு அசந்துட்டாரு. குழந்தைக்கு ஆறு மாசம் ஆனதும் அவங்களே தூக்கிட்டு இங்க வர்றாங்களாம். நீங்க தரையிலயே நின்னு கொஞ்சலாம்."

எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வேன்! ஒரு வாரமாக வயிற்றுக்குள் பறந்துகொண்டிருந்த விமானம் அப்போதுதான் இறங்கியது. உயிரும் இருக்கிறது, மானமும் இருக்கிறது, பேரப்பிள்ளையும் வரப்போகிறது. கண்ணில் நீர் முட்டியது. நர்ஸக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். டீச்சரையும் சேர்த்துக் கும்பிட்டேன். அவர் எதற்கென்று தெரியாமலே ஆசீர்வாதம் செய்தார்.

பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. "எல்லாம் போன வாரமே முடிவாயிடுச்சுன்னா, இந்த ஒத்திகை எதுக்கு?"

"ஒத்திகை எனக்கில்லைங்க. உங்களுக்கு" என்றாள். "மூணு மாசம் தனியா இருக்கப்போறீங்க. டீ போடத் தெரியுமா, சோறு வடிக்கத் தெரியுமா, மழை வந்தா துணி எடுக்கத் தோணுமா... மனசு கிடந்து அடிச்சுக்கிட்டே இருந்தது. எப்படி ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். நல்லவேளை, நீங்களே ஒத்திகைன்னு வந்து நின்னீங்க."

"தேறிட்டாரும்மா" என்றார் நர்ஸக்கா. "மூணு பேர் சாப்பிட்டிருக்கோம். யாருக்கும் வயித்துக்கு ஒண்ணும் ஆகலை."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். நிம்மதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. காலடியில் தரை இருந்தது, அது போதும். எழுந்து போய் அவள் பெட்டியை நானே உள்ளே கொண்டுபோய் வைத்தேன். "நீ கவலையில்லாம போயிட்டு வாம்மா. இனிமே எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"போறதுக்கு ஒத்திகை ஆயிடுச்சுங்க. வர்றதுக்கு நேர் விமானம் கிடைக்கலை, நடுவுல ஒரு ஊர்ல இறங்கி மாறி ஏறணும், முழுசா ஒரு நாளைக்கு மேல ஆகுதாம்" என்றவள், மற்ற இருவரையும் பார்த்துத் திரும்பினாள். "அடுத்த வாரம் சனிக்கிழமை காலைலயே ஆரம்பிச்சுடலாமா?"